வெள்ளத்தில் நின்ற காரை விற்ற விற்பனையகம்

தென்சென்னையில் உள்ள ஒரு பழைய கார் விற்பனையகத்தில் நான் வாங்கிய கார், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தில் நின்ற வண்டி என்பதை அவர்கள் மறைத்திருந்தார்கள். தரைவிரிப்புக்கு அடியில் படிந்திருந்த வண்டலும், சீட் பெல்ட்டை முழுவதுமாக இழுத்தபோது வெளிப்பட்ட சேற்றுக்கறையும், அடிக்கடி செயலிழந்த வயரிங்கும் அதை ஐயமின்றிக் காட்டின. “உள்ளது உள்ளபடிதான் விற்றோம்” என்று மேலாளர் கைவிரித்தார். தேநீர் உபசாரத்தில் மட்டும் குறையில்லை. வேறொரு மெக்கானிக்கிடம் எழுத்துவடிவில் பெற்ற அறிக்கையையும், வண்டியின் முந்தைய காப்பீட்டு இழப்பீட்டு விவரத்தையும் இணைத்து வழக்கறிஞர் நோட்டீஸ் அனுப்பி, 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி மாவட்ட ஆணையத்தை அணுகுவேன் என்று தெரிவித்த பிறகே (கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்கு மேற்படாவிட்டால் அங்கே மனுக்கட்டணம் கிடையாது) பேச்சு மாறியது. வயரிங் செலவு முழுவதையும் ஏற்றவர்கள், காரைத் திரும்பப் பெற மட்டும் மறுத்துவிட்டார்கள். ஐந்துக்கு இரண்டு மதிப்பெண், அதுவும் பணத்தைத் தாமதமின்றிக் கொடுத்ததற்காக.