சர்வரின் பதிலைக் கையாள ஆக்சியோஸ்: ஏற்காட்டு அறைப் பதிவுப் பக்கங்களை வைத்து ஒரு மதிப்பீடு

சேலத்திலிருந்து ஏற்காட்டு விடுதிகளுக்கு அறைப் பதிவுப் பக்கங்களை எழுதித் தருபவன் என்ற முறையில், நான் அன்றாடம் சார்ந்திருக்கும் ஜாவாஸ்கிரிப்ட் நூலகம் ஆக்சியோஸ். பக்கத்திலிருந்து சர்வருக்குக் கோரிக்கை அனுப்பி, பதிலைப் பெற்றுத் தரும் ஆயத்த நிரல் தொகுப்பு இது. எம்ஐடி என்ற திறந்த மூல உரிமத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. பிரவுசரிலேயே இதே வேலைக்கு ஃபெட்ச் என்ற வசதி இருக்கும்போது தனியாக ஒரு நூலகம் எதற்கு என்ற கேள்வி நியாயமானதே. கோரிக்கையை அனுப்புவதில் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. அனுப்பியதன் விளைவை நம் கையில் எப்படி ஒப்படைக்கின்றன என்பதில்தான் வேறுபாடு தெரிகிறது.

ஃபெட்சைப் பொறுத்தவரை, சர்வர் 404 (கேட்டது இல்லை) என்றோ 500 (சர்வரில் பிழை) என்றோ பதில் தந்தாலும், பின்னர் வரப்போகும் விளைவைக் குறிக்கும் 'ப்ராமிஸ்' நிறைவேறியதாகவே கணக்கு. வந்தது வெற்றியைக் குறிக்கும் 200 முதல் 299 வரையிலான எண்தானா என்பதை 'ரெஸ்பான்ஸ்.ஓகே' வழியாக நாமே பார்க்க வேண்டும். தரவு எழுத்தாக வரும் வடிவமான ஜேசனைப் பிரித்தெடுக்க இன்னொரு முறை காத்திருக்கவும் வேண்டும். ஓர் இடத்தில் இந்தச் சோதனை விடுபட்டாலும், சர்வர் மறுத்த பதிவுக்கு 'அறை உறுதி' என்று திரையில் காட்டிவிடும் அபாயம் இருக்கிறது. ஆக்சியோஸ் அந்த எல்லைக்கு வெளியே உள்ள எண்கள் அனைத்தையும் தானாகவே, பிழைகளைக் கையாளும் கேட்ச் பகுதிக்கு அனுப்பிவிடுகிறது. பிரித்த ஜேசனும் 'டேட்டா'வில் ஆயத்தமாக இருக்கிறது.

இதன் உண்மையான அருமை கேட்ச் பகுதிக்குள்தான் விளங்கும். அங்கே வரும் எரர் என்ற பிழைப் பொருளில் 'ரெஸ்பான்ஸ்' இருந்தால் சர்வர் பதில் சொல்லி மறுத்திருக்கிறது. 'ரெக்வெஸ்ட்' மட்டும் இருந்தால் கோரிக்கை புறப்பட்டது, பதில் வந்து சேரவில்லை. இரண்டுமே இல்லையென்றால் கோரிக்கையை உருவாக்கும்போதே நம் நிரலில் ஏதோ பிசகு. அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏறும் காரில் அமர்ந்து, ஒருவர் 'பதிவு செய்' பொத்தானை அழுத்துகிறார் என்று வைத்துக்கொள்வோம். கோரிக்கை சர்வரை அடைந்து அறையும் ஒதுக்கப்பட்டுவிட்டது. அடுத்த வளைவில் சிக்னல் அறுந்து, பதில் மட்டும் வழியில் தொலைந்துவிட்டது. இந்த நிலையில் 'பதிவு தோல்வி' என்று காட்டினால் அது பொய். அவர் மறுபடி அழுத்துவார், ஒரே குடும்பத்துக்கு இரண்டு அறைகளும் இரட்டைக் கட்டணமும் விழும். ஆகவே பதில் வராத வகைக்கு மட்டும், 'உங்கள் பதிவின் நிலையைச் சரிபார்க்கிறோம்' என்று காட்டிவிட்டு, பொத்தானை அழுத்தும்போதே பிரவுசரில் உருவாக்கி அனுப்பிய தனி அடையாள எண்ணைக் கொண்டு சர்வரிடம் மீண்டும் விசாரிக்கிறேன். இந்த அடையாள எண் ஏற்பாடு முழுவதும் நாம் எழுத வேண்டியது. ஆக்சியோஸ் எதையும் தானாக மறுமுறை அனுப்புவதில்லை, பணம் புழங்கும் இடத்தில் அனுப்பாமலிருப்பதே நல்லது.

பதிலுக்கு எவ்வளவு நேரம் காத்திருப்பது என்ற கால வரம்பு விஷயத்தில் எனக்குக் குறை உண்டு. இயல்பு மதிப்பு 0, அதாவது ஆக்சியோஸ் தன் பங்குக்கு வரம்பே வைப்பதில்லை. சுழலும் வட்டத்தையே பார்த்துக்கொண்டு மக்கள் காத்திருக்கக் கூடாது என்பதால் 15 நொடி என்று பொது அமைப்பிலேயே எழுதிவிடுகிறேன்.

மே மாதக் கோடை விழாவை ஒட்டி அறை தேடுபவர்கள் தேதியை மாற்றி மாற்றித் தட்டுவார்கள். முதலில் தட்டிய தேதிக்கான பதில் கடைசியாக வந்து சேர்ந்தால், 18ஆம் தேதியின் காலி அறைகள் 20ஆம் தேதியின் கீழ் நின்றுவிடும். புதிய தேடல் தொடங்கும்போதே பழையதை, கோரிக்கையை இடையில் நிறுத்தும் பிரவுசர் வசதியான அபார்ட்கன்ட்ரோலர் கொண்டு நிறுத்துவதே சரியான வழி. 2021இல் வந்த 0.22 பதிப்பிலிருந்து ஆக்சியோஸ் இதை ஏற்கிறது. நிறுத்தப்பட்ட கோரிக்கையும் கேட்ச் பகுதிக்கே வரும் என்பதால், நாமே நிறுத்தியதா என்று சொல்லும் 'ஈஸ்கேன்சல்' கொண்டு அதை முதலில் பிரித்துவிட வேண்டும். இல்லையேல் தேதி மாற்றும் ஒவ்வொரு முறையும் பிழைச் செய்தி எட்டிப்பார்க்கும்.

நம் பக்கம் அழைக்கும் வேறொரு சர்வர் அனுமதி தராததால் பிரவுசர் தடுத்த கோரிக்கையையும், சிக்னல் இல்லாமல் விழுந்ததையும் ஆக்சியோஸாலும் வேறுபடுத்த முடியாது. பிரவுசர் அந்தத் தகவலை நிரலுக்குத் தருவதே இல்லை.

ஓரிரு அழைப்புகள் மட்டுமே உள்ள பக்கத்துக்கு ஃபெட்சும், அதைச் சுற்றி நாமே எழுதும் சில வரிகளும் போதும். பதிவும் கட்டணமும் உள்ள பக்கத்துக்கு ஆக்சியோஸைத் தயங்காமல் பரிந்துரைக்கிறேன், ஒரு எச்சரிக்கையுடன்: சர்வர் 200 என்ற எண்ணோடு பராமரிப்பு அறிவிப்பை ஹெச்டிஎம்எல் பக்கமாக அனுப்பினால், இயல்பு அமைப்பில் ஆக்சியோஸ் பிழை எதுவும் எழுப்பாமல் அந்த எழுத்துகளை அப்படியே 'டேட்டா'வில் வைத்துவிடும். அறைப் பட்டியல் உண்மையிலேயே பட்டியலாக வந்திருக்கிறதா என்று பார்த்த பிறகே அதைத் திரைக்கு அனுப்புங்கள்.