பீட்ரூட் பொரியலும் ஃபீனோ டெஸ்ட்டும்

மகனுக்கு ஒன்பது வயது. அடிக்கடி வீசிங். இங்கிலாந்தில் எங்கள் ஜிபி (குடும்ப டாக்டர்), ஆஸ்துமாவாக இருக்கலாம் என்று பிரவுன் இன்ஹேலர் கொடுத்தார். உறுதி செய்ய, மூச்சை ஊதிப் பார்க்கும் ஃபீனோ டெஸ்ட் வேண்டும், அவரிடம் கருவி இல்லை. பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிப்போட்டு ஐந்து மாதம். 5 முதல் 16 வயதுப் பிள்ளைகளுக்கு முதலில் இந்த டெஸ்ட்டைத்தான் பாருங்கள் என்று 2024 நவம்பரில் அங்கே வழிகாட்டுதலே வந்துவிட்டது. அழைப்புதான் வரவில்லை.

டிசம்பரில் மதுரைக்குப் போனதும் ஒரு தனியார் மருத்துவமனைக்குப் போன் போட்டேன். "நாளைக்கு மூணு மணிக்குக் கூட்டிட்டு வாங்கக்கா." அவ்வளவுதான்!

ஊசி இல்லை, வலி இல்லை. மூச்சை முழுக்க வெளியே விட்டு, கருவியில் வாய் வைத்து ஆழமாக இழுத்து, பிறகு சீராக ஊத வேண்டும். பிள்ளைகளுக்கு ஆறு நொடி போதும். வேகமாக ஊதினாலும் தப்பு, மெதுவாக ஊதினாலும் தப்பு. திரையில் ஒரு மேகம் இரண்டு கோட்டுக்கு நடுவில் மிதக்கிறது, அதை விழாமல் காப்பாற்ற வேண்டும். இவனுக்கு மூன்றாவது தடவைதான் கைகூடியது. பக்கத்துப் பையன் முதல் ஊதலிலேயே முடித்துவிட்டு இவனைப் பார்த்துச் சிரித்தான்.

மூச்சுக்குழாய்க்குள் ஒவ்வாமையால் அழற்சி இருந்தால் வெளிவிடும் காற்றில் நைட்ரிக் ஆக்சைடு கூடும். நூறு கோடியில் எத்தனை பங்கு என்று கருவி சொல்கிறது. பிள்ளைகளுக்கு 20-க்குள் இருந்தால் குறைவு, 35-க்கு மேல் போனால் அதிகம். இவனுக்கு 52.

டாக்டர் எண்ணைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, "மதியம் என்ன சாப்பிட்டான்?" அம்மாச்சி கையால் பீட்ரூட் பொரியல், கீரைக் கூட்டு. இரண்டிலும் நைட்ரேட் அதிகம், அளவை ஏற்றிவிடுமாம். இதை முதல் நாள் போனிலேயே சொல்லியிருக்கலாம். கவுன்ட்டரிலும் ஒருவரும் கேட்கவில்லை. மறுநாள் காலை வெறும் வயிற்றோடு மறுபடி ஊதினான். 41.

"பிரவுன் இன்ஹேலர் போடுற பிள்ளைக்கு இது ஜாஸ்தியாச்சே. தினமும் போடுறானா?"

நான் தலையாட்டுவதற்குள் அம்மா தரையைப் பார்த்தார். வந்த நாளிலிருந்து அது பீரோ மேலே இருந்திருக்கிறது. "சின்னப் புள்ளைக்கு அதெல்லாம் பழகிப்போயிரும்னு எடுத்து வச்சேன்த்தா." நீல இன்ஹேலரை மட்டும் விட்டுவைத்திருக்கிறார், அது 'அவசரத்துக்கு'. ராத்திரி நான் கேட்டபோதெல்லாம் "போட்டாச்சு" என்று சொன்னவன் இவன்.

டாக்டர் திட்டவில்லை. நீலம் அந்த நேரத்து இறுக்கத்தைத் தளர்த்தும், உள்ளே இருக்கிற வீக்கத்தைத் தணிப்பது பிரவுன்தான், அதை நிறுத்தினால் இந்த எண் ஏறும் என்று அம்மாவைப் பார்த்தே சொன்னார். நான் பத்து தடவை சொல்லியும் நடக்காதது, அந்த 41-ஐக் காட்டியதும் நடந்தது.

ரிசல்ட்டைக் கடைப் பில் மாதிரி வழவழத் தாளில் தந்தார்கள். சீக்கிரம் வெளுத்துவிடும், அங்கேயே போனில் படம் எடுத்துவிட்டேன். இரண்டு எண்களையும், என்ன சாப்பிட்டான் என்பதையும், பத்து நாள் மருந்து நின்றதையும் டாக்டரிடம் தனியாக எழுதி வாங்கிக்கொண்டேன். ஜிபி கேட்பார்.