கொத்து வேலைக்கு பேட்டரி கருவிகள்: நான்கு வருடம் அடித்துப் பார்த்த பிறகு

முதலில் என் முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். வயரை இழுத்து இழுத்து அலுத்துப்போய் நான்கு வருடத்துக்கு முன் ஒரு 18 வோல்ட் பேட்டரி டிரில் வாங்கினேன். பெட்டியில் சுத்தியல் படம் போட்டிருந்தது, நிமிடத்துக்கு 27,000 அடி என்று வேறு எழுதியிருந்தது, சரி இனி கான்கிரீட்டுக்கும் இதுவே போதும் என்று நினைத்துவிட்டேன். செங்கல் சுவரில் நன்றாகத்தான் போனது. கான்கிரீட் சீலிங்கில் 8 மி.மீ. ஓட்டை போட ஏணியில் நின்று உடம்பு மொத்தத்தையும் கொடுத்து அழுத்தினேன், ஒரு சென்டிமீட்டர்கூட இறங்கவில்லை. பிட் முனை சூடாகி நீலம் பூத்ததுதான் மிச்சம்.

நான் வாங்கியது ஹாமர் டிரில், எனக்குத் தேவைப்பட்டது ரோட்டரி ஹாமர். பெயர் கிட்டத்தட்ட ஒன்று, உள்ளே நடப்பது வேறு. ஹாமர் டிரில்லில் பல் வைத்த இரண்டு வட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி இறங்கும், அந்த அதிர்வைத்தான் அடி என்கிறார்கள். நாம் அழுத்துகிற அளவுக்குத்தான் அது வேலை செய்யும். ரோட்டரி ஹாமரில் மோட்டார் ஒரு பிஸ்டனை முன்னும் பின்னும் ஓட்டுகிறது, பிஸ்டனுக்கு முன்னால் அடைபட்ட காற்று ஒரு இரும்புக் கட்டையைத் தள்ள, அந்தக் கட்டை போய் பிட்டின் பின்பக்கம் மோதுகிறது. நிமிடத்துக்கு நாலாயிரம், ஐந்தாயிரம் அடிதான், ஆனால் ஒவ்வொன்றும் அடி. அதனால் வாங்கும்போது அடி எண்ணிக்கையை விட்டுவிட்டு ஜூல், அதாவது ஒரு அடியின் பலம், எவ்வளவு என்று பாருங்கள். 6 முதல் 12 மி.மீ. வரை ஓட்டைதான் உங்கள் வேலை என்றால் 2 ஜூல் தாராளம். என்னுடையது 2 ஜூலுக்குக் கொஞ்சம் மேல், சீலிங்கில் அதே 8 மி.மீ. ஓட்டை மெஷினைப் பிடித்துக்கொண்டிருந்தாலே இறங்குகிறது.

பிட் பிடிப்பு எஸ்டிஎஸ் பிளஸ்ஸாக இருக்கட்டும், பின்பக்கம் 10 மி.மீ. கனத்தில் பள்ளம் வெட்டியிருக்குமே, அது. பிட் உள்ளே கொஞ்சம் முன்பின் ஆடும், பழுது என்று நினைக்க வேண்டாம், ஆடினால்தான் அடி முழுதாகச் சேரும். மாட்டுவதற்கு முன் அந்த இடத்தைத் துடைத்து ஒரு பொட்டு கிரீஸ் வைப்பேன்.

கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி விஷயம் முக்கியம். ஒருநாள் பீமில் துளைக்கும்போது பிட் உள்ளே கம்பியில் சிக்கி நின்றுவிட்டது, மெஷின் நிற்கவில்லை, என் மணிக்கட்டைத் திருப்பிக்கொண்டு சுழன்றது. பக்கக் கைப்பிடியைக் கழற்றி வைத்திருந்தேன், தப்பு என்னுடையதுதான். உள்ளே கிளட்ச் நழுவியதால் வீக்கத்தோடு போனது, இரண்டு வாரம் கொத்துக் கரண்டி பிடிக்க முடியவில்லை. இப்போது கைப்பிடி இல்லாமல் தொடுவதில்லை, கம்பி தட்டினால் ஓட்டையை நகர்த்திவிடுவேன், பிட்டும் நாலு முனை வைத்ததாகத்தான் வாங்குகிறேன், இரண்டு முனை பிட் கம்பியின் விளிம்பில் சட்டென்று மாட்டிக்கொள்ளும்.

பேட்டரிக்கு வருவோம், உண்மையில் நாம் வாங்குவது அதைத்தான். ஒரு கம்பெனி பேட்டரி பொதுவாக இன்னொன்றில் மாட்டாது, அதனால் அடுத்து என்னென்ன கருவி வாங்குவோம் என்று யோசித்துவிட்டு கம்பெனியை முடிவு செய்யுங்கள். 18 வோல்ட், 20 வோல்ட் என்ற குழப்பமே வேண்டாம், இரண்டிலும் ஐந்து செல் வரிசைதான். முழு சார்ஜில் அளந்தால் 20, சராசரியாகச் சொன்னால் 18. கவனிக்க வேண்டியது ஆம்பியர் ஹவர், அதாவது பேட்டரி எவ்வளவு கொள்ளும் என்பது. 2 ஆம்பியர் ஹவர் பேட்டரியில் பொதுவாக ஒரே வரிசை, 4, 5 என்றால் இரண்டு வரிசை, அதனால் நேரம் மட்டுமல்ல, அழுத்தம் கொடுக்கும்போது இழுவையும் கூடும். அதே மெஷினில் சின்ன பேட்டரியைப் போட்டால் ஓட்டை பாதியில் மூச்சு வாங்குவது எனக்கே நன்றாகத் தெரிந்தது.

ஒரு பேட்டரியை நானே கொன்றேன். முழுக்கக் காலி செய்து, அப்படியே பெட்டியில் போட்டு, மாதக்கணக்கில் மறந்துவிட்டேன். பிறகு சார்ஜர் அதை ஏற்கவே இல்லை. வேலை இல்லாத நாட்களில் பாதி சார்ஜில் வைத்துவிடுங்கள். கொதிக்கக் கொதிக்கக் கழற்றி சார்ஜரில் போடாதீர்கள், கொஞ்சம் ஆறட்டும்.

வட்டு சுழன்று வெட்டும் பேட்டரி கிரைண்டர்தான் என் பெரிய ஏமாற்றம். கணக்குப் போட்டாலே தெரிந்திருக்கும்: 18 வோல்ட், 5 ஆம்பியர் ஹவர், பெருக்கினால் 90 வாட் ஹவர். சுவரில் காடி (வயர் பதிக்கும் பள்ளம்) வெட்டும்போது கிரைண்டர் 700 வாட் இழுத்தால் எட்டு நிமிடத்துக்குள் தீர்ந்தது. அதே பேட்டரி ரோட்டரி ஹாமரில் எண்பது, தொண்ணூறு ஓட்டை வரை வருகிறது. நாலு ஓடு ஓரம் வெட்ட, மின்சாரம் வராத மாடியில் ஒரு கம்பி அறுக்க பேட்டரி கிரைண்டர் சுகம். வீடு முழுக்க வயரிங் காடி என்றால் வயர் மெஷினை எடுத்துவிடுங்கள். கலவை கலக்கும் மிக்சரும் அப்படியே, அதில் நான் பேட்டரியை முயன்றுகூடப் பார்க்கவில்லை.

தூசியைச் சாதாரணமாக எடுக்காதீர்கள். கான்கிரீட்டிலும் கல்லிலும் உள்ள சிலிக்கா நுண்தூள் நுரையீரலில் தங்கினால் வெளியே வராது, துண்டைக் கட்டிக்கொண்டால் அது நிற்காது, அதற்கான மாஸ்க்தான் வேண்டும். சீலிங் ஓட்டைக்கு ஒரு ரப்பர் பந்தைப் பாதியாக வெட்டி பிட்டில் கோத்துவிடுவேன், தூள் முகத்தில் கொட்டாமல் பெரும்பாலும் அதில் விழும்.

ரோட்டரி ஹாமரின் உளி மோடும் அவ்வப்போது உதவுகிறது, பழைய பூச்சைக் கொத்த, ஓட்டு வரிசையைப் பெயர்க்க. சுவரையே உடைக்க அதை நம்பாதீர்கள், அதற்கு இந்த அளவு மெஷின் பிறக்கவில்லை. கைச் சுத்தியலும் உளியும் இன்னும் என் பையில்தான் இருக்கின்றன. நடுவில் ஒரே ஒரு ஓடு விரிசல் விட்டிருந்தால், அதை எடுக்கப்போய் மெஷினைப் போட்டால் பக்கத்து ஓடும் சேர்ந்து கிளம்பிவிடுகிறது.