புனித கலிஸ்துஸ் நிலத்தடிக் கல்லறை, ரோம்: கட்டாயம் பார்க்க வேண்டிய இடம்

ரோம் நகருக்குத் தெற்கே, பழைய அப்பியா சாலையில் இருக்கிறது புனித கலிஸ்துஸ் நிலத்தடிக் கல்லறை. நானும் என் மனைவியும் பார்த்துவிட்டு வந்தோம். ஐந்துக்கு ஐந்து தருகிறேன். ரோமில் உங்களுக்கு அரை நாள்தான் மிச்சம் என்றாலும் அதை இங்கே செலவிடுங்கள்.

பேக்கேஜ் பஸ்ஸில் மட்டும் போகாதீர்கள். நாங்கள் முதலில் அப்படித்தான் போனோம். பஸ்ஸில் வந்த வழிகாட்டி, "கிறிஸ்தவர்கள் பேரரசனுக்குப் பயந்து வருஷக்கணக்கில் இந்தச் சுரங்கத்தில் ஒளிந்து வாழ்ந்தார்கள்" என்று மைக்கில் சொல்லிக்கொண்டே வந்தார். உள்ளே எங்களை அழைத்துப்போன வயதான சலேசிய குருவானவர் படியிறங்கும் முன்பே அதைத் திருத்திவிட்டார். இங்கே யாரும் குடியிருக்கவில்லை. இது இறந்தவர்களை அடக்கம் செய்த இடம், அரசாங்கத்துக்கும் நன்றாகத் தெரிந்த இடம். தெரிந்ததால்தான் கி.பி. 257-இல் பேரரசன் வலேரியன், கிறிஸ்தவர்கள் தங்கள் கல்லறைகளுக்குள் நுழையவே கூடாது என்று தடை போட்டான். அவன் மகன் கல்லியேனுஸ் அந்த இடங்களைத் திருப்பிக் கொடுத்தான். ஒளிந்திருக்கும் இடத்துக்கு எவனாவது தடையுத்தரவு போடுவானா?

பேக்கேஜ்காரர்கள் அவசரப்படுத்தியதால் இன்னொரு நாள் நாங்களாகவே 118-ஆம் எண் பஸ் பிடித்துப் போனோம். அந்த இரண்டாவது முறைதான் மனசுக்கு நிறைவாக இருந்தது.

ரோமச் சட்டப்படி ஊர் எல்லைக்குள் பிணத்தைப் புதைக்கக் கூடாது. அதனால்தான் ஊருக்கு வெளியே சாலையோரங்களில் கல்லறைகள். பணக்காரர்கள் மேலே பளிங்கில் மண்டபம் கட்டினார்கள். வசதியில்லாதவர்களுக்குக் கீழே இடம் கிடைத்தது. இங்குள்ள மண் எரிமலைச் சாம்பல் இறுகிய துஃபா. வெட்டும்போது மிருதுவாக இருக்கும், காற்றுப் பட்டால் கெட்டிப்படும். அதைக் குடைந்து நான்கு அடுக்காகச் சுமார் 20 கிலோமீட்டர் பாதை போட்டிருக்கிறார்கள். ஐந்து லட்சம் பேர் வரை இங்கே அடக்கமாகியிருக்கலாம் என்பது கணக்கு. பாதையின் இரு பக்கச் சுவர்களிலும் தரையிலிருந்து கூரை வரை நீளவாக்கில் வெட்டிய குழிகள். உடலைத் துணியில் சுற்றி உள்ளே கிடத்தி, ஓட்டுத் துண்டாலோ பளிங்குப் பலகையாலோ மூடிச் சுண்ணாம்பு பூசியிருக்கிறார்கள். பெயர் வெட்டக் காசில்லாதவர்கள் ஈரம் காயும் முன் சுண்ணாம்பில் ஒரு சின்ன விளக்கையோ கண்ணாடிக் கிண்ணத்தின் அடிப்பாகத்தையோ பதித்து வைத்திருக்கிறார்கள். அடுத்த முறை வரும்போது தன் வீட்டுக் குழி எது என்று அடையாளம் தெரிய வேண்டுமே!

என் மனைவி ஒரு திருப்பத்தில் நின்றுவிட்டாள். "என்னங்க, இங்க பாருங்க, இது முழுக்கக் குழந்தைங்க" என்றாள். ஒன்றரை முழ நீளம்கூட இல்லாத குழிகள், ஒன்றின்மேல் ஒன்றாக. குருவானவரும் எங்களை அவசரப்படுத்தாமல் காத்திருந்தார்.

இந்த இடத்தைக் கட்டியாண்ட கலிஸ்துஸின் கதையைக் கட்டாயம் கேட்டு வாங்குங்கள். அவர் ஒரு அடிமை. எஜமான் அவரிடம் ஒரு வட்டிக்கடையை ஒப்படைத்தார். விதவைகளும் விசுவாசிகளும் அதில் பணம் போட்டார்கள். பணம் போயிற்று. ஓடிப் பிடிபட்டு, பிறகு சர்தீனியாச் சுரங்கத்தில் தண்டனை வேலைக்கு அனுப்பப்பட்டார். பேரரசன் கொம்மொதுஸின் ஆசைநாயகி மார்சியா தலையிட்டதால் விடுதலை கிடைத்தது. இதெல்லாம் அவருடைய பரம எதிரி ஹிப்போலிட்டஸ் எழுதியதாகக் கருதப்படும் நூலில் இருப்பதால் கொஞ்சம் குறைத்துத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். ஆனால் ஆயர் செஃபிரினுஸ் 199 வாக்கில் இந்தக் கல்லறைத் தோட்டத்தின் பொறுப்பை அவரிடம் கொடுத்ததும், 217-இல் அவரே ரோமின் ஆயர், அதாவது திருத்தந்தை, ஆனதும் நடந்தவை. முன்னாள் அடிமை ஒருவர் ரோமின் சபைக்குத் தலைவர். செனட்டர் வீட்டுப் பிள்ளைகளும் அவர் முன் பணிந்துதானே நின்றிருப்பார்கள்!

எங்கள் ஊர்ப் பங்கின் மரண உதவிச் சங்கத்துக்கு நான் நெடுநாள் பொருளாளராக இருந்தவன். சந்தா, நிலுவை, யாருக்குப் பெட்டி வாங்க எவ்வளவு கொடுத்தோம் என்ற நோட்டுத்தான் என் கையில் இருக்கும். அந்தக் கண்ணோடுதான் இதைப் பார்த்தேன். ரோமிலும் இப்படிச் சங்கங்கள் நிறைய இருந்தன. ரோமுக்குத் தென்கிழக்கே லனூவியம் என்ற ஊரில் கி.பி. 136-இல் கல்லில் பொறித்த சங்க விதிகள் கிடைத்திருக்கின்றன. சேர 100 செஸ்டர்ஸும் (ரோம நாணயம்) ஒரு ஜாடி நல்ல திராட்சை ரசமும், பிறகு மாதம் 5 ஆஸ் (அதைவிடச் சிறிய காசு) சந்தா. இறந்தால் அடக்கத்துக்கு 300 செஸ்டர்ஸ். சந்தா தொடர்ந்து நிலுவையில் இருந்தால் ஒன்றும் கிடையாது. அடிமைகளும் உறுப்பினர்கள். ஆனால் எஜமான் உடலைக் கொடுக்க மறுத்தால், சங்கம் ஒரு உருவத்தை வைத்துச் சடங்கு நடத்தும். படிக்கும்போதே தொண்டை அடைக்கிறது.

கிறிஸ்தவர்களின் பொதுப்பெட்டி இங்கேதான் வேறுபட்டது. வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் நகரில் 197 வாக்கில் கிறிஸ்தவ எழுத்தாளர் தெர்த்துல்லியன் எழுதுகிறார்: மாதம் ஒரு நாள் அவரவர் விரும்பினால், முடிந்தால், சிறு காணிக்கை போடுவார்கள். கட்டாயம் இல்லை. அந்தப் பணம் விருந்துக்குப் போகாது. ஏழைகளுக்கு உணவு, ஏழைகளின் அடக்கம், அநாதைக் குழந்தைகள், வயதான அடிமைகள், கப்பல் உடைந்து தவிப்பவர்கள் என்று செலவாகும். கொடுக்க முடியாதவனுக்கும் குழி உண்டு. 251 வாக்கில் ஆயர் கொர்னேலியுஸ் எழுதிய கடிதத்தின்படி, ரோமின் சபையில் 46 குருக்களும் 7 திருத்தொண்டர்களும் இருந்தார்கள். சபை தாங்கிவந்த விதவைகளும் வறியவர்களும் 1,500-க்கு மேல். இவ்வளவு பேரைச் சாப்பாடு போட்டுக் காப்பாற்றிய ஒரு கூட்டத்தில் நாளுக்கு நாள் ஆள் சேர்ந்ததில் என்ன ஆச்சரியம்? பேரரசன் கான்ஸ்டன்டைன் ஆதரித்ததால்தான் ரோம் கிறிஸ்தவமாயிற்று என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். அவன் ஆட்சி முக்கியந்தான். ஆனால் 313-இல் அவனும் சக பேரரசன் லிசினியுஸும் மிலானில் மத சுதந்திரம் கொடுப்பதற்கு நூறு வருஷத்துக்கு மேல் முன்பே இங்கே மண் வெட்டத் தொடங்கிவிட்டார்கள். பழைய தெய்வங்களைத் திரும்பக் கொண்டுவர நினைத்த பேரரசன் ஜூலியனே 362-இல் ஒரு பூசாரிக்கு எழுதுகிறான்: அந்நியரிடம் காட்டும் அன்பாலும் இறந்தவர்களின் கல்லறையைக் கவனித்துக்கொள்வதாலும்தான் இவர்கள் வளர்ந்தார்கள் என்று. எதிரியே சொன்ன சாட்சி!

திருத்தந்தையர் அறைக்கு வரும்போது கூட்டம் நெருக்கும். நீங்கள் மெதுவாகப் பின்னால் நில்லுங்கள். 3-ஆம் நூற்றாண்டின் ஒன்பது திருத்தந்தையர் இங்கே அடக்கமானார்கள். 1854-இல் தொல்லியலாளர் ஜியோவான்னி பத்திஸ்தா தெ ரோசி இதைக் கண்டுபிடித்தார். அவர்களில் ஒருவரான ஃபாபியானுஸின் கல்லைத் தேடிப் பாருங்கள். கிரேக்க எழுத்தில் பெயர், ஆயர் என்ற சுருக்கம், அதையடுத்து வேதசாட்சி என்பதற்கான குறி. அந்தக் கடைசிக் குறி மட்டும் பிற்பாடு வெட்டியது. பேரரசன் டேசியுஸ் காலத்தில், 250-இல் அவர் உயிர் கொடுத்தார். இன்னொரு திருத்தந்தையான இரண்டாம் சிக்ஸ்துஸை 258 ஆகஸ்ட் 6 அன்று கல்லறையிலேயே பிடித்துக் கொன்றார்கள். நூறு வருஷம் கழித்து வந்த திருத்தந்தை தாமாசுஸ் இங்கே பளிங்கில் ஒரு கவிதை பொறித்து வைத்தார். தானும் இங்கே கிடக்க ஆசைதான், ஆனால் புனிதர்களின் சாம்பலைக் கலைக்க அஞ்சுகிறேன் என்கிறார் அதில். அவர் வேறிடத்தில்தான் அடக்கமானார்.

வேதசாட்சி புனித செசிலியாவின் அறையில் இருக்கும் பளிங்குச் சிலை நகல். மூலச் சிலை மதெர்னோ செதுக்கியது, அது திரஸ்தெவேரேயில் அவர் பெயரிலுள்ள கோவிலில் இருக்கிறது. நேரமிருந்தால் அங்கேயும் போங்கள்.

தனியாக உள்ளே விடமாட்டார்கள், குழுவாக வழிகாட்டியோடுதான் போக வேண்டும். உள்ளே படம் எடுக்க அனுமதி இல்லை. அதுவும் நல்லதுதான், இது கல்லறை. கோடையிலும் கீழே குளிரும், மெல்லிய ஸ்வெட்டர் ஒன்று எடுத்துப் போங்கள். படிகள் உண்டு, முழங்கால் வலி உள்ளவர்கள் யோசித்துச் செய்யுங்கள். புதன்கிழமை விடுமுறை. அதே சாலையில் கொஞ்ச தூரம் நடந்தால் புனித செபஸ்தியார் கல்லறை. அங்கே சுவரில் பேதுரு, பவுல் பெயரைச் சொல்லி சாமானியர்கள் கீறிய வேண்டுதல்களைப் பார்க்கலாம். இரண்டையும் ஒரே நாளில் பார்ப்பதானால் கலிஸ்துஸை முதலில் வையுங்கள், காலையில் கதவு திறந்த உடனே போனால் கூட்டம் குறைவு.