சிறு அலைக்கு ஒரு லாங்போர்டு: சில ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பின்

கடலின் சிறு அலையில் சறுக்கப் (சர்ஃபிங்) பழகுவதற்குப் பலகை தேடுகிறவர்கள் முதலில் நீளத்தைக் கேட்பார்கள், அடுத்துக் கொள்ளளவு எத்தனை லிட்டர் என்று கேட்பார்கள். இரண்டும் கேட்க வேண்டிய கேள்விகள்தாம். ஆனால், முழங்காலளவிலிருந்து இடுப்பளவு வரையிலான அலைகளில் லாங்போர்டு எனப்படும் நீண்ட சறுக்குப் பலகை ஒன்றையே சில ஆண்டுகளாகப் பயன்படுத்தி வரும் எனக்கு, இவ்விரண்டுக்கும் முன்னால் வைத்துப் பார்க்க வேண்டியது பலகை எவ்வளவு தட்டையாக இருக்கிறது என்பதே என்று தோன்றுகிறது. என்னுடைய பலகை 9 அடி 4 அங்குல நீளமும் 23 அங்குல அகலமும் 3 அங்குலத் தடிமனும் கொண்டது. கொள்ளளவு ஏறக்குறைய 75 லிட்டர். உள்ளே ஈபிஎஸ் எனப்படும், மணிமணியான பாலிஸ்டைரீன் நுரை, மேலே எபாக்சி பிசினில் தோய்த்த கண்ணாடியிழைத் துணி, நடுவே நீளவாக்கில் ஒரு மரச்சட்டம். அமைப்பில் புதுமை எதுவும் இல்லை. இதே போன்ற பலகைகள் எங்கும் கிடைக்கின்றன என்பதாலேயே இதைப் பற்றி எழுதுவது பிறருக்கும் உதவும் எனக் கருதுகிறேன்.

சிறு அலை எளிய அலை என்று எண்ணத் தோன்றும். விழுந்தால் அடி குறைவு என்ற அளவில் அது சரி. பிடிப்பதற்கு அது எளிதன்று. அலையின் உயரம் பாதியானால் அது சுமந்து வரும் ஆற்றல் கால் பங்காகிவிடுகிறது. ஆகவே பெரிய அலை தானே நம்மைத் தூக்கிக்கொண்டு போகும் இடத்தில், சிறு அலை நம்மை நழுவவிட்டுத் தன் போக்கில் போய்விடும். அரை மீட்டர் உயர அலை ஏறக்குறைய 65 சென்டிமீட்டர் ஆழத்துக்கு வரும்போதுதான் உடைகிறது. அந்த ஆழத்தில் அதன் வேகம் மணிக்கு 9 கிலோமீட்டரை ஒட்டியிருக்கும். புதிதாகப் பழகுகிறவர் படுத்தபடி கைகளால் நீரை வலித்து அந்த வேகத்தில் பாதியை எட்டினாலே பெரிது. மீதியை அலையின் சரிவும் பலகையின் வழுக்கலும் சேர்ந்துதான் தர வேண்டும். சிறு அலையின் சரிவோ மென்மையானது. எனவே நீரை முட்டித் தள்ளாமல் அதன் மேல் வழுக்கி ஓடுகிற பலகையாக இருந்தால்தான் அந்தச் சிறு உந்துதல் போதுமானதாகும்.

இங்கேதான் ராக்கர் எனப்படும், மூக்கிலிருந்து வால் வரை ஓடும் வளைவைக் கவனிக்க வேண்டியிருக்கிறது. வளைவு மிகுந்த பலகை செங்குத்தான அலையில் மூக்கு குத்தாமல் காப்பாற்றும். மென்மையான அலையிலோ அதே வளைவு நீரில் இழுபட்டு வேகத்தைத் தின்றுவிடும். என்னுடைய பலகையில் நடுப்பகுதி நீளமாகத் தட்டையாக இருக்கிறது. மூக்குப் பக்கம் கடைசி ஓரடி மட்டுமே சற்று மேலெழுகிறது. விற்பனைக்கு வரும் பலகைகளில் நீளம், அகலம், தடிமன், லிட்டர் ஆகியவற்றை எழுதியிருப்பார்கள், ராக்கரை எழுதுவது அரிது. பலகையைக் கவிழ்த்து வைத்து, நேரான நீண்ட குச்சி ஒன்றை அதன் நடுக்கோட்டின் மேல் கிடத்தினால், குச்சி எவ்வளவு தூரம் பலகையோடு ஒட்டிக் கிடக்கிறது, இரு முனைகளிலும் எவ்வளவு இடைவெளி விழுகிறது என்பது கண்ணுக்கே தெரிந்துவிடும். ஒரே லிட்டர் அளவுள்ள இரண்டு பலகைகளை இப்படி அடுத்தடுத்துப் பார்த்தால் போதும், அவற்றில் எது முழங்காலளவு அலையில் ஓடும், எது தங்கிவிடும் என்பதை ஓரளவு சரியாகவே ஊகித்துவிடலாம்.

தட்டைப் பலகைக்கும் ஒரு குறை உண்டு. அலை உடையும் தறுவாயில் தாமதமாக எழுந்தால் மூக்கு நேராக நீருக்குள் போய்விடும். பலகையில் பின்னால் தள்ளிப் படுத்து இதைச் சரிசெய்யப் பலர் முயல்கிறார்கள். அப்போது வால் அமிழ்ந்து, தட்டைப் பலகையின் பயனே இல்லாமல் போகிறது. படுக்கும் இடத்தை மாற்றாமல், அலை உடைவதற்கு முன்பே சற்றுக் கூடுதல் தூரத்திலிருந்து வலித்துக்கொண்டு வருவதும், பலகையைக் கரைக்கு நேராக வைக்காமல் சிறிது சாய்வாகத் திருப்பி வைப்பதும் நல்ல பலன் தந்தன. அசையாமல் படுத்திருக்கும்போது மூக்கு நீர்மட்டத்துக்கு மேல் இரண்டு விரற்கடை நிற்க வேண்டும். அப்படி நிற்கும்போது என் தாடை வரும் இடத்தில், நடுச்சட்டத்தின் மேல் பென்சிலால் ஒரு குறுக்குக்கோடு போட்டு வைத்தேன். முதல் பருவம் முழுவதும் அந்தக் கோடு கொடுத்த உதவியை எந்த விலையுயர்ந்த உபகரணமும் கொடுத்திருக்காது.

லிட்டர் கணக்குக்கு வருவோம். ஒரு லிட்டர் கொள்ளளவு முழுவதும் அமிழும்போது ஏறக்குறைய ஒரு கிலோ எடையைத் தாங்கும். தொடக்கநிலையில், உடல் எடையின் கிலோ எண்ணுக்குக் குறையாத லிட்டர் அளவை எடுத்துக்கொள்வது பொதுவான வழக்கம். சிறு அலைக்கு அதற்கு மேல் சிறிது இருந்தால் நல்லது. 55 கிலோ எடையுள்ளவர் 9 அடியிலேயே 60 லிட்டரைச் சற்றுத் தாண்டிய பலகையோடு மகிழ்ச்சியாக இருக்கலாம். 90 கிலோவுக்கு மேல் உள்ளவர் 9 அடி 6 அங்குலத்திலிருந்து 10 அடி வரை பார்ப்பதே சரி. ஆனால் அந்த எண், நுரை எங்கே குவிந்திருக்கிறது என்பதைச் சொல்லாது. வலிக்கும்போது உடல் எடை விழும் மார்புப் பகுதியில் அகலமும் தடிமனும் இருந்தால் பலகை அமைதியாக மிதக்கும். அதே நுரை வாலில் குவிந்திருந்தால் படுத்த நொடியிலிருந்து பக்கவாட்டில் ஆடிக்கொண்டே இருக்கும். ரெயில் எனப்படும் பக்க விளிம்பும் வட்டமாகவும் மென்மையாகவும் இருப்பது நல்லது. கூர்மையான விளிம்பு வேகமான அலையில் பிடிப்புத் தரும். தடுமாறி நிற்கும் காலத்தில் அது நீரைக் கௌவி நம்மைத் தூக்கி எறிந்துவிடும்.

மேற்பரப்பில் மென்நுரை பூசிய சாஃப்ட் டாப் பலகையா, கண்ணாடியிழைப் பலகையா என்ற கேள்வி எல்லோரிடமும் இருக்கிறது. பயிற்சிக் காலத்தில் 8 அடி சாஃப்ட் டாப் ஒன்றைப் பயன்படுத்தினேன். முதல் சில வாரங்களுக்கு, குறிப்பாகப் பிறர் நெருக்கமாக நிற்கும் இடத்தில், அதுதான் பொறுப்பான தேர்வு. தலையில் பட்டாலும் காயம் சிறிது. உடைந்து வரும் நுரை அலையில் அது குறையில்லாமல் ஓடியது. உடையாத பச்சை அலைக்குப் போனபின் அதன் நெகிழ்வும், நீரில் ஏற்படுத்தும் இழுவையும் தெரியத் தொடங்கின. 9 அடி சாஃப்ட் டாப் கிடைத்தால் ஓராண்டு அதிலேயே ஓட்டலாம், தவறில்லை. அதைத் தாண்டியும் தொடரப்போகிறோம் என்ற உறுதி உள்ளவர்களுக்குத்தான் கண்ணாடியிழைப் பலகையைப் பரிந்துரைப்பேன்.

நீண்ட காலப் பயன்பாட்டில் இந்தப் பலகை எனக்கு ஒரே மாதிரியாக இருந்ததில்லை. தொடக்கத்தில் அது எழுந்து நிற்பதற்கான மேடை மட்டுமே. 23 அங்குல அகலம் இருந்ததால், கால்கள் தப்பான இடத்தில் விழுந்தாலும் திருத்திக்கொள்ள இடம் இருந்தது. பிறகு அலை முகப்பில் பக்கவாட்டாக ஓடப் பழகியபோது, எடையை அரையடி முன்னே நகர்த்தினால் வேகம் கூடுவதும், பின்னே நகர்த்தினால் தணிவதும் பிடிபட்டன. சிறு அலையில் ஓட்டத்தை நீட்டிப்பது இந்த நகர்வுதான். குட்டைப் பலகையில் ஏறிக் குதித்துக் குதித்து வேகம் தேடுகிறவர்களைப் பார்க்கும்போது எனக்குச் சற்றே இரக்கமாக இருக்கும். கால்மாற்றி நடந்து மூக்குப் பக்கம் போவதற்கு வெகுகாலம் பிடித்தது. அந்த நிலையிலும் பலகையை மாற்ற வேண்டிய தேவை எழவில்லை. திரும்பும் விஷயத்தில் மட்டும் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ள வேண்டும். பின்காலை வாலருகே கொண்டுபோய் அழுத்தினால் நிதானமாகத் திரும்பும், அவசரப்படுத்தினால் நின்றுவிடும். போட்டி விதிகளே 9 அடிக்குக் குறைந்ததை லாங்போர்டாக ஏற்பதில்லை. அந்த நீளத்துக்கு உரிய நிதானத்தை ஏற்றுக்கொண்டுதான் இதை வாங்க வேண்டும்.

ஃபின் எனப்படும், பலகையின் அடியில் வாலருகே பொருத்தும் துடுப்பு பற்றிச் சொல்லும்போது, மேலே குறிப்பிட்ட 65 சென்டிமீட்டர் ஆழத்தை நினைவில் கொள்ள வேண்டும். மரபான ஒற்றை ஃபின் 9 அல்லது 10 அங்குலம் வரை இருக்கும். அதாவது 25 சென்டிமீட்டர் வரை நீருக்குள் தொங்கும். வடியும் கடலில், கரையை ஒட்டி ஓடி முடிக்கும்போது அது மணலைத் தட்டும். நான் நடுவில் 7 அங்குல ஃபினும் இருபுறமும் சிறு ஃபின்களுமாக வைத்துப் பழகினேன். நேராகப் போவதற்கும் திரும்புவதற்கும் அது போதுமானதாக இருந்தது. மூக்குப் பக்கம் நடக்கத் தொடங்கிய பிறகுதான், வாலை நீரில் பிடித்து வைக்கும் பெரிய ஒற்றை ஃபினின் அருமை புரிந்தது. ஃபினைச் செருகும் பெட்டி நீளமாக உள்ள பலகையாக வாங்கினால் இரண்டையும் மாற்றிக்கொள்ளலாம். ஃபினை முன்னே தள்ளினால் பலகை எளிதாகத் திரும்பும், பின்னே தள்ளினால் நேராக உறுதியாக ஓடும். அதே ஆழக்குறைவு விழும் முறையையும் தீர்மானிக்கிறது. தலைகீழாகவோ கால் ஊன்றியோ விழாமல், உடலைப் பரப்பிப் பக்கவாட்டில் விழ வேண்டும்; எழும்போது கைகளால் தலையை மூடிக்கொள்ள வேண்டும், ஏனெனில் லீஷ் எனப்படும், காலையும் பலகையையும் இணைக்கும் வடம் இழுத்த பலகை தலைக்கு மேலேயே நிற்கக்கூடும்.

எடையில் எனக்கு மனத்தாங்கல் உண்டு. இலேசான பலகை என்று விற்கிறவர்கள் பெருமையாகச் சொல்வார்கள். கரையில் நடக்கும்போது அந்தப் பெருமை உண்மைதான், நீரில் அது பாதி உண்மை. காற்றடித்து நீர் நொறுங்கிக் கிடக்கும் நாள்களில், ஈபிஎஸ் பலகை உயரமாக மிதந்து ஒவ்வொரு சிற்றலைக்கும் துள்ளுகிறது. பாலியூரித்தேன் நுரையில் செய்த, இரண்டு கிலோ கூடுதலான பலகை அதே நீரில் அமர்ந்து ஓடுவதை மாற்றிப் பயன்படுத்திப் பார்த்து அறிந்தேன். காற்றில்லாத காலை வேளையில் மட்டும் இறங்குகிறவருக்கு இந்த வேறுபாடு பொருட்டில்லை. தூக்கிச் செல்வதில் எடையைவிட அகலமே சிக்கல்: 23 அங்குலத்தைக் கக்கத்தில் இடுக்கினால் விரல் நுனிகள் மட்டுமே மறு விளிம்பைத் தொடுகின்றன. தலையில் வைத்துச் சுமப்பதே எனக்குப் பழகிவிட்டது.

தேய்மானத்தைப் பொறுத்தவரை, மேற்பரப்பில் குதிகால் பதியும் இடங்களிலும் முழங்கால் ஊன்றும் இடங்களிலும் ஆழமற்ற குழிவுகள் விழுந்துள்ளன. இவை எல்லாக் கண்ணாடியிழைப் பலகையிலும் வரும், நீர் புகாதவரை கவலை இல்லை. கவனிக்க வேண்டிய இடம் வால் விளிம்பு. லீஷைப் பலகையோடு கட்டும் மெல்லிய கயிற்றை நீளமாக விட்டால், விழும்போது அது விளிம்பை அறுத்துவிடும். லீஷின் அகலப்பட்டை மட்டுமே விளிம்பைத் தொடும்படி கயிற்றைக் குறுக்கிக் கட்ட வேண்டும். லீஷ் பலகையின் நீளத்துக்குக் குறையக் கூடாது. கால் வழுக்காமலிருக்க மேற்பரப்பில் பூசும் மெழுகான வாக்ஸை நீரின் வெப்பத்துக்கு ஏற்றதாக வாங்க வேண்டும்; குளிர்நீர் வாக்ஸ் வெதுவெதுப்பான நீரில் குழைந்து வழுக்கும். வெயிலில் மூடிய வாகனத்துக்குள் பலகையை விட்டால், நுரைக்குள் உள்ள காற்று விரிந்து கண்ணாடியிழைப் படலத்தைத் தூக்கிவிடும். இதற்காகவே ஈபிஎஸ் பலகை பலவற்றில் சிறு காற்றுத்துளை வைக்கிறார்கள். அது திருகு மூடி உள்ளதாக இருந்தால், நீரில் இறங்கும் முன் இறுக மூடியிருக்கிறதா எனப் பார்த்துவிட வேண்டும்.

விரிசல் விழுந்தால் அன்றைக்கே கரையேறிவிடுவது நல்லது, ஈபிஎஸ் மணிகளுக்கு இடையே நீர் ஊறினால் உலர வாரக்கணக்கில் ஆகும். உடைந்த பக்கம் கீழே இருக்கும்படி சாய்த்து வைத்து, சொட்டு நின்ற பின்னும் பல நாள் உலரவிட்டுத்தான் அடைக்க வேண்டும். அடைக்கும் பிசின் எபாக்சியாக இருக்க வேண்டும். வெயிலில் இறுகும் குழாய்ப் பிசின்களில் பல பாலியஸ்டர் வகை. அதில் உள்ள ஸ்டைரின், ஈபிஎஸ் நுரையைக் கரைத்துக் குழியைப் பெரிதாக்கிவிடும். பழைய பலகை வாங்குகிறவர்கள், முன்பு செய்த ஒட்டுவேலையைச் சுற்றிக் கட்டைவிரலால் அழுத்திப் பார்க்கட்டும்: மேற்பரப்பு உள்ளே அமுங்கினால், அடியில் நுரை கரைந்தோ ஊறியோ போயிருக்கிறது என்று கொண்டு, அந்தப் பலகையை விட்டுவிடலாம்.