சிசேரியன் தழும்புக்குச் சிவப்பு விளக்கா, சிலிக்கான் பட்டையா?

சென்ற ஆண்டு சித்திரைத் தொடக்கத்தில் சிசேரியன் முடிந்து தண்டையார்பேட்டை வீட்டுக்குத் திரும்பியபோது, நாத்தனார் தாம் பயன்படுத்திய சிவப்பு ஒளி விளக்கைக் கொடுத்தார். தையலைப் பார்த்த மருத்துவரோ, புண் முழுவதும் மூடிய பிறகு, தழும்பின் மேல் ஒட்டும் மென்மையான சிலிக்கான் பட்டையை ஒட்டச் சொன்னார். இரண்டையும் பயன்படுத்திப் பார்த்த நான் பட்டையின் பக்கமே நிற்கிறேன்.

இத்தகைய விளக்குகள் பெரும்பாலும் 630 முதல் 660 நானோமீட்டர் வரை அலைநீளமுள்ள சிவப்பு ஒளியையும், சில 810 முதல் 850 வரையிலான, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியையும் தருகின்றன. செல்லுக்குள் ஆற்றல் உண்டாக்கும் மைட்டோகாண்ட்ரியா இவ்வொளியை ஈர்ப்பதால் புண் விரைவாக ஆறும் என்பது அடிப்படைக் கருத்து. ஆனால் சிசேரியன் புண்ணில் நடந்த ஆய்வுகள் சிறியவை; விளக்கைச் சற்றுத் தள்ளி வைத்தாலே தோலில் விழும் ஒளி குறைந்துவிடுவதால், வீட்டில் சரியான அளவைக் கணிப்பதும் கடினம். சிலிக்கான், தழும்பின் மேல்தோலில் ஈரத்தைக் காத்து, கொலாஜன் என்ற தோல் புரதம் மிகுந்து தடிப்பதைக் குறைக்கிறது. அதன் ஆய்வுகளிலும் குறைகள் உண்டு. ஆயினும் தோல் மருத்துவர்கள் பலர் முதலில் சொல்வது அதையே.

எனக்கு முடிவைத் தந்தது நேரம். பச்சைக் குழந்தை ஒரு நாளில் 8 முதல் 12 முறை பால் குடிக்கும். விளக்கு என்றால், இடையில் கிடைக்கும் அரைமணி நேரத்தில் தழும்பைத் துடைத்து, கண்ணுக்குக் காப்பு மாட்டி, வயிற்றைத் திறந்து பத்து, பதினைந்து நிமிடம் அசையாமல் படுத்திருக்க வேண்டும். எங்களுடையது ஒற்றை அறை வீடு. துறைமுகத்தில் இரவு ஷிப்ட் முடித்து உறங்கும் கணவர் முகத்திலும், தூளியிலும் அந்தச் சிவப்பு வெளிச்சம் விழும். முதல் வாரம் ஐந்து நாள் செய்தேன், மூன்றாம் வாரம் ஒரே நாள். பட்டையோ நான் உறங்கும்போதும் பால் கொடுக்கும்போதும் தன் வேலையைச் செய்தது. நாளொன்றுக்கு 12 மணி நேரத்துக்குக் குறையாமல், இரண்டு மூன்று மாதம் விடாமல் ஒட்ட வேண்டும் என்றாலும், அதற்கென நான் தனியே ஒதுக்கிய நேரம் கழுவும் சில நிமிடங்கள் மட்டுமே.

பட்டைக்கும் சிரமம் உண்டு. நான் ஒட்டத் தொடங்கியது அக்கினி நட்சத்திரத்தில். கடற்கரையை ஒட்டிய எங்கள் பகுதியின் புழுக்கத்தில் வியர்வை அடியில் தேங்கி, ஓரங்களில் வேர்க்குரு அரும்பியது. பருத்திப் புடவையின் நூல் தூசு ஒட்டி விளிம்பு கறுத்தது. இரு வேளையும் கழற்றி, மென்மையான சோப்பில் கழுவி, துணியால் துடைக்காமல் காற்றில் உலர்த்திய பின்னரே மீண்டும் ஒட்டினேன். நண்பகலில் எடுத்துவிட்டு, மாலை குளித்து உடம்பு ஆறிய பின் போடத் தொடங்கியதும் வேர்க்குரு அடங்கியது. அதுவும் முடியாதவர்கள் சிலிக்கான் ஜெல் தடவலாம்.

விளக்கின் முன் படுத்த நாட்களில் இழுக்கும் வலி இதமானது உண்மை. அது ஒளியாலா, அந்த ஓய்வாலா என்று என்னால் பிரித்துச் சொல்ல இயலவில்லை. என் தழும்பு தடிக்கும் இயல்புடையதும் அன்று. காதுகுத்திய இடத்திலேயே கட்டி போல் தடித்தவர்கள், எதையும் தொடங்குமுன் தோல் மருத்துவரைக் காண்பது நல்லது. தையல் விரிதல், சீழ், காய்ச்சல், பரவும் சிவப்பு ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் விளக்கையும் பட்டையையும் விட்டுவிட்டு அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.