இரவில் பல் கடிப்பவர்களுக்கு நைட் கார்டு: நெடுநாள் பயன்பாட்டில் தெரியவருபவை

தூங்கும்போது பல்வரிசையின் மேல் மாட்டிக்கொள்ளும் உறைதான் நைட் கார்டு; அது பல் கடிப்பதை நிறுத்தாது. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். காசு கொடுத்துச் செய்து, இரண்டு வாரம் மாட்டிப் பார்த்துவிட்டு, ‘இன்னும் கடிக்கத்தான் செய்யுது’ என்று டப்பாவோடு அலமாரியில் போட்டுவிடுகிறவர்கள் பலர். தூக்கம் மேலோட்டமாகும் சில நொடிகளில் மூளை தாடைத் தசைகளை முடுக்குகிறது; கடிப்பு அங்கிருந்து வருவது. கார்டின் வேலை, அந்த அழுத்தத்தில் பல்லுக்குப் பதில் தான் தேய்வது. பல் எனாமல் தேய்ந்தால் திரும்ப வளராது. கார்டு தேய்ந்தால் வேறு செய்துகொள்ளலாம். இந்தக் கணக்கில் பார்த்தால், சரியாகச் செய்த கார்டு கொடுத்த காசுக்கு நிச்சயம் உழைக்கும்.

கடிக்கிறோமா என்பது பெரும்பாலும் பக்கத்தில் படுப்பவர் சொல்லித்தான் தெரியும். சத்தமே இல்லாமல் இறுக்கிக் கடிப்பவர்களுக்கு அந்த வழியும் இல்லை. அவர்கள் காலையில் கண்ணாடியில் பார்க்கலாம்: நாக்கின் ஓரத்தில் பல் பதிந்த வளைவுகள், கன்னத்தின் உள்பக்கம் நீள வெள்ளைக் கோடு, கோரைப்பல்லின் கூர் மழுங்கித் தட்டையாகியிருப்பது. எழும்போது நெற்றிப் பொட்டில் வலி இருந்து பத்து மணிக்குள் அதுவாக அடங்குவதும், ஜிகர்தண்டா முதல் வாயிலேயே பல் கூசுவதும் கணக்கில் சேரும். காதுவலி என்று காது மருத்துவரிடம் போய், காதில் ஒன்றுமில்லை என்று திரும்பி வருபவர்களில் சிலருக்கும் காரணம் தாடை மூட்டுதான்.

கார்டில் நான்கு வகை புழக்கத்தில் இருக்கிறது. வெந்நீரில் போட்டு இளக்கி நாமே கடித்து அச்சு எடுக்கும் வகை ஆன்லைனில் கிடைக்கிறது. ஊருக்குப் போன இடத்தில் கார்டு தொலைந்துவிட்டால் நாலு நாள் சமாளிக்க உதவும், அவ்வளவுதான். கடிக்கும்போது பின்பக்கம் அழுந்தி மெலிந்து, முன்பக்கம் தடித்து நிற்கும். அதன்மேல் மாதக்கணக்கில் கடித்தால் தாடை கோணலாக உட்காரப் பழகும்.

இரண்டாவது, மருத்துவர் அளவெடுத்துச் செய்யும் மெத்தென்ற கார்டு. வாய்க்கு இதமாக இருக்கும், விலையும் குறைவு. ஆனால் ரப்பர் போல இருப்பதாலேயே சிலர் அதை மென்று கடிக்கத் தொடங்குகிறார்கள். 1987-ல் ஒக்கேசன் என்ற அமெரிக்கப் பல் மருத்துவ ஆய்வாளர் பத்துப் பேரிடம் இரண்டு வகையையும் போட்டுத் தசை இயக்கத்தை அளந்தார். கெட்டியான கார்டில் எட்டுப் பேருக்கு இயக்கம் குறைந்தது. மெத்தென்றதில் ஐந்து பேருக்குக் கூடியது. பத்துப் பேர் என்பது சின்ன எண்ணிக்கைதான். ஆனாலும் மெத்தென்ற கார்டு போட்டபின் காலையில் கன்னத்தசை முன்பைவிட அதிகமாக வலித்தால், பழகிவிடும் என்று காத்திருக்க வேண்டாம். பலமாகக் கடிப்பவர்கள் கடைவாய்ப் பகுதியில் சில மாதங்களிலேயே ஓட்டை போட்டுவிடுவார்கள்.

மூன்றாவது, கெட்டியான அக்ரிலிக் கார்டு. மேல்வரிசைப் பல் எல்லாவற்றையும் மூடி, கடைவாயில் 2 முதல் 3 மில்லிமீட்டர் கனத்தில் இருக்கும். நெடுநாளைக்கு இதுதான் சரி. உள்ளே மெத்து, வெளியே கெட்டி என்று இரண்டடுக்கில் வருவது நான்காவது. பல் கூச்சம் அதிகமுள்ளவர்களுக்கு அது தாங்கும். ஆனால் அடுக்குகளுக்கு நடுவே கறை இறங்கினால் போக்க முடியாது.

முன்பற்களை மட்டும் மூடும் சின்னத் துண்டு ஒன்றும் உண்டு. அதை மருத்துவர் கண்காணிப்பில்லாமல் தொடர்ந்து போடக்கூடாது. எதிலும் படாமல் விடப்பட்ட கடைவாய்ப் பற்கள் மெல்ல வளர்ந்து இறங்கி, முன்பற்கள் ஒன்றோடொன்று சேராமல் போய்விடும்.

கெட்டிக் கார்டின் நல்லதும் கெட்டதும் அளவெடுப்பிலும் ராவுவதிலும் இருக்கிறது. மேல்வரிசை, கீழ்வரிசை இரண்டுக்கும் அச்சு எடுக்க வேண்டும். தாடை எப்படிச் சேர்கிறது என்பதற்குத் தனியாகக் கடிப்பதிவு எடுக்க வேண்டும். மேல்வரிசை மட்டும் போதும் என்றால் லேப்காரர் எதிர்ப்பல்லைப் பார்க்காமல்தான் செய்வார். கார்டு வந்ததும் மாட்டிவிட்டு அனுப்புவது போதாது. வண்ணக் காகிதத்தைக் கடிக்கச் சொல்லி, இரண்டு பக்கக் கடைவாயிலும் புள்ளிகள் ஒரே சீராக விழும்வரை ராவ வேண்டும். தாடையைப் பக்கவாட்டில் நகர்த்தும்போது கோரைப்பல் மட்டும் தொட்டு, கடைவாய் விலக வேண்டும். நாற்காலியைச் சாய்த்து ஒரு தடவை, நிமிர்ந்து உட்காரவைத்து ஒரு தடவை என்று பார்த்தால்தான் முழுச் சோதனை. படுக்கும்போது தாடை கொஞ்சம் பின்னால் போகும். இரண்டு வாரத்தில் மறுபடி ஒரு சோதனை, பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறை. இந்தச் சோதனைகளுக்குத் தனிக் கட்டணம் உண்டா என்று செய்யும் முன்பே கேட்டுவிடுங்கள். செலவு இடித்தால் மதுரை கீழவெளி வீதி சி.எஸ்.ஐ. பல் மருத்துவக் கல்லூரி மாதிரி கல்லூரி மருத்துவமனைகளில் விசாரிக்கலாம். மாணவர்கள் செய்வதால் நேரம் பிடிக்கும். ஆனால் ஆசிரியர் மேற்பார்வை இருக்கும், அவசரமாக ராவி அனுப்ப மாட்டார்கள்.

முதல் வாரம் எச்சில் அதிகம் ஊறும், அது தானாகக் குறையும். படுக்கும் முன் ஒரு மணி நேரம் விழித்திருக்கும்போதே மாட்டிப் பழகினால், தூக்கத்தில் தன்னையறியாமல் கழற்றி எறிவது குறைகிறது. தண்ணீரில் நனைத்து, விரலால் அழுத்திப் பொருத்துங்கள். கடித்து உட்காரவைத்தால் விரிசல் விடும். கழற்றும்போது கடைவாய்ப் பக்கம் வலது, இடது என்று மாற்றி மாற்றி நெம்ப வேண்டும். ஒரே பக்கமாக இழுத்தால் நடுவில் உடைந்துவிடும்.

காலையில் பல் லேசாக இறுகினாற்போல இருந்து கால் மணி நேரத்தில் சரியாவது இயல்பு. மத்தியானச் சாப்பாடு வரைக்கும் கடி சேரவில்லை என்றாலோ, ஒரே பல்லில் மட்டும் வலித்தாலோ அங்கே கார்டு தூக்கி நிற்கிறது என்று பொருள். அரம், உப்புத்தாள் வைத்து வீட்டில் தேய்க்கவே கூடாது.

மதுரைப் பக்கத்தில் கார்டைக் கெடுப்பது இரண்டு: உப்புத் தண்ணீர், வெயில். போர் தண்ணீரில் தினமும் அலசினால் சில வாரங்களில் வெள்ளைப் படலம் கட்டும், அதில் நாற்றம் பிடிக்கும். கடைசி அலசலைக் கேன் தண்ணீரில் செய்யுங்கள். வாரம் ஒருநாள் வெள்ளை வினிகரும் தண்ணீரும் சரிபாதி கலந்து அரைமணி நேரம் ஊறவைத்தால் படலம் விடும். தினசரிக்கு மெல்லிய பிரஷ்ஷும் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவமும் போதும். டூத்பேஸ்ட்டில் இருக்கும் நெருடும் துகள் கீறல் போடும், கீறலில் கறை இறங்கும். வெந்நீர், பிளீச்சிங் இரண்டும் ஆகாது. சித்திரை வெயிலில் நிறுத்திய கார் டாஷ்போர்டிலோ, வண்டி சீட்டுக்கு அடியிலோ வைத்தால் வளைந்துவிடும். வளைந்தது திரும்ப நேராகாது. கழுவித் துடைத்துக் காற்றோட்டமுள்ள டப்பாவில் வையுங்கள். டிஷ்யூவில் சுற்றி வைத்த கார்டு குப்பைக்குப் போகும். வீட்டில் நாய் இருந்தால் எச்சில் வாசனைக்கு அது எடுத்துக் கடித்துவிடும்.

கார்டு ராத்திரிக்கு. பகலில் இறுக்கும் பழக்கத்தையும் சேர்த்து விட்டால்தான் தசை ஓய்வு பெறும். உதடு மூடியிருக்கட்டும், பற்கள் தொடாமல் இருக்கட்டும், நாக்கின் நுனி ‘ன’ சொல்லும் இடத்தில் அண்ணத்தில் இருக்கட்டும். கோரிப்பாளையம் சிக்னலில் நிற்கும்போது, செல்போனைத் திறக்கும்போது என்று தினமும் வரும் இரண்டு மூன்று தருணங்களோடு இதைக் கட்டிவைத்தால் மறக்காது. இரவில் வெதுவெதுப்பான ஈரத்துண்டைப் பத்து நிமிடம் கன்னத்தில் வைத்து, இரு விரலால் கன்ன எலும்பிலிருந்து தாடை முனைவரை மெல்லத் தேய்த்துவிடலாம். வலி கூடிய நாட்களில் கரும்பு, பொரிவிளங்காய் உருண்டை, கொட்டைப்பாக்கு வேண்டாம். சாயங்காலத்துக்கு மேல் காபியும், இரவில் மதுவும் புகையும் கடிப்பைக் கூட்டும். மனச்சோர்வுக்கான சில மாத்திரைகளும் கூட்டுவதுண்டு. அவற்றை நீங்களாக நிறுத்தாமல், எழுதிக்கொடுத்த மருத்துவரிடம் சொல்லுங்கள்.

சிலர் கார்டு செய்யும் முன்பே நிதானிக்க வேண்டும். பலமாகக் குறட்டை விட்டு, தூக்கத்தில் மூச்சுத் திணறி எழுபவர்கள் முதலில் தூக்கப் பரிசோதனை செய்துகொள்ளட்டும். மூச்சுத் தடையும் பல் கடிப்பும் ஒரே ஆளிடம் சேர்ந்து இருப்பதுண்டு. மேல்வரிசைக் கார்டு சிலருக்கு மூச்சுத் தடையை மோசமாக்கலாம். வாயைத் திறந்தால் தன் மூன்று விரல் நிமிர்த்தி நுழையவில்லை, தாடை பூட்டிக்கொள்கிறது என்றால் மூட்டைப் பார்க்க வேண்டும். வலியில்லாத ‘டக்’ சத்தத்துக்கு மட்டும் பயப்பட வேண்டாம். குழந்தைகள் நறநறவென்று கடித்தால் வயிற்றில் பூச்சி என்பார்கள். பூச்சி மாத்திரையால் கடிப்பு நிற்காது. பல் விழுந்து முளைக்கும் வயதில் கார்டு பொதுவாகப் போடுவதில்லை, வளர வளரப் பெரும்பாலும் தானே நின்றுவிடும்.

கெட்டிக் கார்டு நன்றாகப் பராமரித்தால் மூன்று முதல் ஐந்து வருடம் வரும். அவ்வப்போது வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்: பளபளவென்று தேய்ந்த தடம் எந்தப் பக்கம் ஆழமோ அந்தப் பக்கம்தான் கடிக்கிறீர்கள். தடம் உள்ளே பல் தெரியும் அளவுக்கு மெலிந்தால், விரிசல் விட்டால், ஆடத் தொடங்கினால் மாற்றிவிடுங்கள். புதிதாக அடைப்போ கேப்போ போடப் போகும்போது கார்டைக் கையோடு கொண்டுபோங்கள். பல்லின் உருவம் மாறினால் பழைய கார்டு சரியாக உட்காராது, அன்றைக்கே ராவிப் பொருத்த முடியுமா என்று மருத்துவர் பார்த்துச் சொல்வார்.